சனிக்கிழமை வந்தது, மூர் மார்க்கெட் போனது

(அத்தியாயத்தின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரம் போர், அரசர், கல்வெட்டு எதுவும் கிடையாது. சென்னையில் ஒரு சனி, ஞாயிறு, அவ்வளவுதான். நாலு பழைய புத்தகம் வாங்குறது, வயிறார சாப்பிடுறது, சாயங்காலம் கடற்கரைக்குப் போய்க் காத்து வாங்குறது. இதுல என்ன வரலாறு இருக்குன்னு கேட்பீங்க. கொஞ்சம் பொறுங்க, நிறையவே இருக்கு.

முதலில் மூன்று தேதிகள். மூன்றும் 1985-ஆம் வருடம்.

மே 30, வியாழக்கிழமை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது.

ஜூன் 3, திங்கட்கிழமை. மத்திய அரசு அலுவலகங்களில் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்ற முறை நடைமுறைக்கு வந்தது. சனியும் விடுமுறை.

ஜூலை 24, புதன்கிழமை. வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. அதாவது, சென்ட்ரலுக்குப் பக்கத்தில் நூறு வருடத்துக்கு மேல் இருந்த மிருகக்காட்சி சாலை ஊருக்கு வெளியே போய்விட்டது.

இரண்டு மாதத்துக்குள் நடந்த இந்த மூன்றுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓய்வுக்கு இன்னொரு நாள் கிடைத்த அதே சமயத்தில், ஓய்வு நாளைக் கழிக்கிற இரண்டு இடங்கள் இல்லாமல் போயின. இன்றைய பேச்சு முழுக்க இதைச் சுற்றித்தான். விடுமுறைக்கு ரெண்டு விஷயம் வேணும்: நேரம் வேணும், போக ஒரு இடம் வேணும். ரெண்டும் தானா வந்தது இல்லை.

எனக்கு இது எப்படித் தோணுச்சுன்னு சொல்றேன். என் அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா, கணக்குப் பிரிவு. அதுவரைக்கும் மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை மட்டும்தான் லீவு. புது உத்தரவு வந்ததும் வீட்டில் ஒரே சந்தோஷம். முதல் சனிக்கிழமை லீவு ஜூன் 8-ம் தேதி. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "எட்டாம் தேதி எப்படியும் ரெண்டாவது சனிடா, அது பழைய லீவு. புது லீவு பதினஞ்சாம் தேதிதான்" என்றார். கணக்குப் பிரிவுக்காரர், என்ன செய்ய!

அந்தப் பதினைந்தாம் தேதி என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். எனக்கு அப்போது எட்டு வயது. எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. சென்ட்ரலில் இறங்கி, கருகிய சுவர்களுக்கு எதிரே நின்றோம். அவர் பேசவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வா, டிபன் சாப்பிடலாம்" என்றார். புது சனிக்கிழமையை அவர் எங்கே செலவு செய்ய நினைத்திருந்தார் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை யார் கொடுத்தது?

முதலில் நேரத்தைப் பார்ப்போம்.

நம்ம ஊரில் ஞாயிறு என்பது பழங்காலத்து விடுமுறை நாள் கிடையாது. திருவிழாவுக்கு வேலை நிற்கும். அமாவாசை அன்று தச்சரும் கொத்தனாரும் வேலைக்கு வர மாட்டார்கள். சில ஊர்களில் இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் ஏழு நாளுக்கு ஒரு முறை கட்டாயமாக ஓய்வு என்பது வெள்ளைக்காரர்களின் தேவாலய வழக்கத்தோடு அலுவலகங்களுக்குள் வந்தது. குமாஸ்தாவுக்கு அது கிடைத்தது. ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்ததா? அவ்வளவு சுலபமாக இல்லை.

1881-இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைத் தொழிலாளர்களுக்கு மாதத்தில் நாலு நாள் ஓய்வு என்றது. பெரியவர்களுக்கு ஒன்றும் இல்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர், ஜோதிராவ் ஃபுலேயின் சத்யசோதக் இயக்கத்தைச் சேர்ந்தவர், ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி வார விடுமுறை கேட்டார். மனு, கூட்டம் என்று வருடக்கணக்கில் இழுத்து, 1890 ஜூனில் பம்பாய் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு ஒத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம், 1891 தொழிற்சாலைச் சட்டத்தில், எல்லா ஆலைத் தொழிலாளர்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று எழுதப்பட்டது.

நம்ம பக்கம் பெரம்பூரில் பக்கிங்காம் ஆலை, கர்நாடிக் ஆலை. பி அண்ட் சி மில் என்று சொல்வார்களே, அதுதான். அங்கே சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, மேஸ்திரி கை நீட்டுகிறார் என்ற புகார்களிலிருந்துதான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, பி. பி. வாடியா, திரு. வி. க. எல்லாரும் அதில் இருந்தார்கள். இதில் திரு. வி. க.வைக் கவனியுங்கள். தமிழாசிரியராக இருந்தவர், பத்திரிகை ஆசிரியர், வாழ்க்கை முழுக்கப் புத்தகத்தோடு இருந்தவர். தொழிலாளிக்கு ஓய்வு வேண்டும் என்று பேசியவரும் அவரே. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருந்தது எனக்கு ரொம்பப் பொருத்தமாத் தெரியுது.

சரி, ஆலையை விடுங்கள். கடைப் பையனுக்கும் ஓட்டல் சர்வருக்கும் எப்போது ஓய்வு வந்தது? 1947-இல் வந்த சென்னை கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில்தான், வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை உறுதியானது. நாடு சுதந்திரம் வாங்கின வருஷம்தான் கடைப் பையனும் சட்டப்படி ஒரு நாள் சுதந்திரம் வாங்கினான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வெளியே கிளம்புவோம். சனிக்கிழமை காலை, எழும்பூர்.

செத்த காலேஜ்

எழும்பூர் பாந்தியன் சாலை. 'பாந்தியன்' என்றால் பாண்டியன் இல்லை. பாந்தியான் என்று ஒரு மாளிகை இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனி அதிகாரிகளும் அவர்கள் குடும்பங்களும் நடனம், விருந்து, நாடகம் என்று பொழுதுபோக்கிய இடம். அந்தக் காலத்து வார இறுதி கிளப் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நம்ம ஆட்கள் போயிருப்பார்கள், தட்டு ஏந்திக்கொண்டு.

1851-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் 1854-இல் இந்த இடத்துக்கு வந்தது. அதன் பொறுப்பில் இருந்தவர் எட்வர்ட் பால்ஃபர், ராணுவ மருத்துவர். 1855-இல் அவர் அருங்காட்சியக வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்தார். சென்னை மிருகக்காட்சி சாலைக்கு அதுதான் ஆரம்பம். சில வருடம் கழித்து அந்த விலங்குகள் சென்ட்ரல் பக்கத்துப் பூங்காவுக்குப் போயின.

இங்கேதான் மெட்ராஸ்காரர்கள் ஒரு அருமையான வேலை செய்தார்கள். பாடம் செய்த விலங்கு, எலும்புக்கூடு, கல்சிலை எல்லாம் இருந்த அருங்காட்சியகத்துக்கு 'செத்த காலேஜ்' என்று பெயர் வைத்தார்கள். விலங்குகள் நடமாடிய மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. கேலி மாதிரி இருந்தாலும், கேலி மட்டும் இல்லை. 'காலேஜ்' என்ற சொல்லைப் பாருங்கள். உண்மையான காலேஜுக்குள் நுழைய வாய்ப்பே இல்லாத ஜனங்கள், தங்களுக்குக் கதவு திறந்த இரண்டு இடங்களைக் காலேஜ் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் யானை எலும்பைக் காட்டினால், அது அவர்களுக்குப் படிப்பு.

அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகம். கன்னிமார் அம்மன் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஆளுநர் கன்னிமாரா பிரபுவின் பெயர். நூலகம் 1896 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன்கதை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஹெய்லிபரி என்ற ஊரில் கம்பெனி அதிகாரிகளைப் பயிற்றுவிக்கிற கல்லூரி இருந்தது. கம்பெனி ஆட்சி முடிகிற சமயத்தில் அதுவும் மூடப்பட்டது. அங்கே மிச்சமான புத்தகங்களில் ஒரு பகுதியைக் கப்பலில் மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். 1861-இல் அவை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. ஆகக்கூடி, இந்த ஊரின் பெரிய பொது நூலகமே பழைய புத்தகத்தில் ஆரம்பித்ததுதான்!

ஆனால் அது நம்முடையதாக ஆனது எப்போது? 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதற்காக வருடக்கணக்கில் உழைத்தவர் சீர்காழிக்காரர், எஸ். ஆர். ரங்கநாதன். அந்தச் சட்டத்தின் உயிர்நாடி ஒரு சின்ன ஏற்பாடு: வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி. 1950-இல் கன்னிமாரா மாநில மைய நூலகம் ஆனது. நீங்க அங்கே போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் யாரும் "என்ன வேணும்?" என்று கேட்க மாட்டார்கள். காசு ஏற்கெனவே கொடுத்தாச்சு. உங்க தாத்தா கொடுத்திருக்கார், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்திருக்கார்.

உயிர் காலேஜும் மூர் மார்க்கெட்டும்

எழும்பூரிலிருந்து சென்ட்ரல் ரொம்ப தூரமில்லை. ரிப்பன் மாளிகை, விக்டோரியா ஹால், நேரு ஸ்டேடியம், மை லேடீஸ் பூங்கா, புறநகர் ரயில் நிலையம் எல்லாம் இன்றைக்குத் தனித்தனி இடங்கள். ஒரு காலத்தில் இதெல்லாம் சேர்ந்து ஒரே பூங்கா. ஆளுநர் டிரெவெல்யன் 1859-60 வாக்கில் போட்ட பீப்பிள்ஸ் பார்க். மக்கள் பூங்கா. நூறு ஏக்கருக்கு மேல், உள்ளே குளங்கள், நடைபாதைகள், பேண்டு வாத்தியம், பிறகு உயிர் காலேஜும் வந்து சேர்ந்தது.

பூங்கா எப்படிக் கரைந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் நல்ல காரணம்தான். ஊருக்கு ஒரு மண்டபம் வேணும், விக்டோரியா ஹால் வந்தது. மாநகராட்சிக்கு அலுவலகம் வேணும், 1913-இல் ரிப்பன் மாளிகை திறந்தார்கள். விளையாட்டரங்கம் வேணும், வந்தது. ஒரு துண்டு, இன்னொரு துண்டு. கடைசியில் மை லேடீஸ் பூங்கா மாதிரி ஒரு சின்னப் பச்சை மிஞ்சியது.

அப்படி வந்த கட்டடங்களில் ஒன்றுதான் மூர் மார்க்கெட். ஆனால் அது ஜனங்களைத் துரத்தவில்லை, இன்னும் கூட்டிக்கொண்டு வந்தது. அப்போதைய மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் போட்டார், 1900-இல் திறந்தார்கள். பிராட்வே பக்கத்துப் பழைய சந்தையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த வியாபாரிகளுக்கு ஒழுங்கான இடம் கொடுப்பது நோக்கம். சிவப்புச் செங்கல், வளைவுகள், நடுவில் முற்றம், சுற்றிலும் கடைகள். கிராமபோன் தட்டு, கடிகாரம், பொம்மை, புறா, முயல், கிளி, கூடவே பழைய புத்தகம். மலை மலையாகப் பழைய புத்தகம்.

பேரம் பேசாமல் அங்கே ஒன்றும் வாங்க முடியாது. அப்பா செய்து காட்டுவார். முதலில் வேண்டாத புத்தகத்தை எடுத்து விலை கேட்கணும். "பத்து ரூபா சார்." சிரிச்சுட்டு வெச்சிடணும். அப்புறம் வேண்டிய புத்தகத்தை அசிரத்தையாகத் தட்டணும். "இது?" கடைக்காரர் ஆளைப் பார்ப்பார், செருப்பைப் பார்ப்பார். "எட்டு கொடுங்க." "மூணு." "இன்னா சார், வாத்தியார் மாதிரி இருந்துகினு மூணுன்றே! எடைக்குப் போட்டாலே நாலு வரும்." நாலரைக்கு முடியும். அட்டை போனது, யாரோ ஒருத்தர் பெயர் எழுதினது, நடுவில் காய்ந்த மயிலிறகு வைத்தது, எல்லாம் வீட்டுக்கு வரும்.

இதில் பணக்காரர், ஏழை வித்தியாசம் ஒன்று உண்டு. அண்ணா சாலையில் ஹிக்கின்பாதம்ஸ் இருக்கிறது. 1844-இல் தொடங்கியது. இன்றும் நடக்கிற இந்தியப் புத்தகக் கடைகளில் மிகப் பழையது. உயரமான கூரை, வண்ணக் கண்ணாடி. புதுப் புத்தகத்தின் வாசனையை அங்கே வாங்கலாம். அப்பா அங்கே வாசனை மட்டும் பிடித்துவிட்டு மூர் மார்க்கெட்டுக்கு வந்துவிடுவார். அதே புத்தகம் நாலைந்து வருடத்தில் நடந்து நடந்து இங்கே வந்துவிடும் என்பார். பழைய புத்தகக் கடை இல்லாத ஊரில் அந்த நடை நடக்காது. மேலே இருக்கிற புத்தகம் கீழே வராது, அவ்வளவுதான்.

பழைய புத்தகத்தை லேசாக நினைக்காதீர்கள். செட்டிநாட்டில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர். பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியர். சம்பாதித்ததையெல்லாம் பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று வாங்கி வாங்கிச் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பிறகு அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் ஊரை விட்டுக் கொண்டுபோகவில்லை. 1994-இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆனது. இன்றைக்குத் தமிழ் அச்சு வரலாறு எழுதுகிற யாரும் அந்தப் பக்கம் போகாமல் இருக்க முடியாது. மற்றவர்கள் எடைக்குப் போட்டதைத்தான் அவர் எடுத்து வைத்தார்.

அப்படிப்பட்ட காகிதம் எவ்வளவு 1985 மே 30 அன்று எரிந்திருக்கும்! அது எந்தச் சமயம் என்றும் பாருங்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். பாதி விலையில் பாடப்புத்தகம் வாங்கப் பெற்றோர் கூட்டம் வருகிற நேரம். வியாபாரிகள் சரக்கு ஏற்றி வைத்திருக்கிற நேரம். அந்த இடத்தை ரயில்வேக்குக் கொடுக்கிற பேச்சு தீக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. தீக்குப் பிறகு கட்டடம் இல்லை. அங்கே புறநகர் ரயில் முனையம் வந்தது, அதற்கும் மூர் மார்க்கெட் வளாகம் என்றே பெயர். வியாபாரிகளுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வணிக வளாகம் கட்டிக் கொடுத்தார்கள். புத்தகம் அங்கேயும் விற்றது. ஆனால் முற்றத்தைச் சுற்றி நாள் முழுக்கச் சும்மா சுற்றுகிற அந்த வழக்கம் அதோடு போச்சு. பக்கத்து உயிர் காலேஜும் அதே கோடையில் வண்டலூருக்குப் போனதால், ஒரு பஸ் டிக்கெட்டில் குடும்பத்தோடு போய்வருகிற ஞாயிறு இரண்டாக உடைந்தது. வண்டலூர் விலங்குகளுக்கு நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூண்டிலிருந்து காட்டுக்குப் போன மாதிரி. ஆனால் பெரம்பூர்க்காரருக்கு அது ஒரு நாள் பயணம் ஆனது.

ஞாயிறு காலை, திருவல்லிக்கேணி

இனி மறுநாள். மூர் மார்க்கெட் இல்லை என்று புத்தகப் பைத்தியங்கள் சும்மா இருப்பார்களா? பாரதி சாலைக்கு வாங்க. பழைய பெயர் பைகிராஃப்ட்ஸ் ரோடு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்க, நடைபாதையில் புத்தகத்தைப் பரப்பி வைப்பார்கள். மயிலாப்பூர் லஸ் முனையிலும் நடைபாதைப் புத்தகக் கடை நெடுங்காலம் இருந்தது. கூரை இல்லாத மூர் மார்க்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் தார்ப்பாய், போலீஸ் வந்தால் மூட்டை.

புத்தகத்துக்கு முன்னாடி வயிறு. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கஃபே, 1948-இல் தொடங்கியது. இட்லியைச் சாம்பாரில் குளிப்பாட்டிக் கொடுப்பார்கள். இட்லி தீர்ந்தாலும் சாம்பார் வாளி திரும்பி வரும். கூடுதல் காசு கிடையாது. மயிலாப்பூர்ப் பக்கம் போனால் காளத்தி கடையின் ரோஸ் மில்க், 1927-லிருந்து.

ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது எல்லாருக்கும் எப்போதும் சாதாரணமாக இருக்கவில்லை. ஓட்டல் பலகையிலேயே சாதி இருந்தது. ரயில் நிலையச் சாப்பாட்டு அறையில் தனிப் பகுதி இருந்தது. இதே திருவல்லிக்கேணியில்தான், 1957-இல், 'பிராமணாள்' என்ற பலகையை எதிர்த்து ஒரு ஓட்டல் முன்னால் பெரியார் போராட்டம் தொடங்கினார். தினமும் தொண்டர்கள் மறியல் செய்து கைதானார்கள். மாதக்கணக்கில் நடந்து, அடுத்த வருடம் பலகை இறங்கியது. நாம இன்னைக்கு "ரெண்டு சாம்பார் இட்லி" என்று சொல்லிவிட்டு எந்த மேசையிலும் உட்கார்கிறோமே, அந்த நாற்காலிக்கும் ஒரு தேதி உண்டு.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கியவர்களுக்கு இன்னொன்று தெரியும். பல மெஸ்களில் ஞாயிறு இரவு சாப்பாடு கிடையாது. அறைவாசிகள் அலுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு ராத்திரிதான் அடுப்படியில் நிற்கிறவருக்கு வார இறுதி.

இதை ஏன் சொல்கிறேன்? 2019-லிருந்து தமிழ்நாட்டில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைகள் வருடம் முழுக்க, இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்க அனுமதி உண்டு. சுழற்சி முறையில் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு நாள் விடுமுறை தரணும் என்பது நிபந்தனை. 2021-இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரணும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். யோசித்துப் பாருங்கள், உட்காருவதற்கே ஒரு சட்டம். நம்முடைய ஞாயிறு அவர்களுக்கு அதிக வேலை உள்ள நாள். அந்தப் பையனுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு என்றால், அன்றைக்கு அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். நாள் கிடைத்தது, சேர்ந்து போக ஆள் இல்லை.

சாயங்காலம், கடற்கரை

புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பாரதி சாலையிலேயே கிழக்கே நடந்தால் கடற்கரை. கடலோரம் நடைபாதை போட்டு 'மெரினா' என்று பெயர் வைத்தவர் ஆளுநர் கிராண்ட் டஃப், 1884-இல். ஆனால் இந்த அகலமான மணலை அவர் கொண்டுவரவில்லை. அதற்கு முன்னால் வடக்கே துறைமுகம் கட்டினார்கள். கடலுக்குள் கல்சுவர் நீண்டதும், தெற்கிலிருந்து வடக்கே போகிற மணல் அங்கே தடுக்கி நின்றது. துறைமுகத்துக்குத் தெற்கே கரை அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் மணல் வராமல் கடல் கரையை அரித்தது, மீனவர் வீடுகளும் சேர்ந்து போயின. இந்தப் பக்கம் நாம் காத்து வாங்குகிற மணல், அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டியது.

"தேங்கா, மாங்கா, பட்டாணி சுண்டல்" என்று சின்னப் பையன்களின் குரல் கேட்கும். பட்டாணிச் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தால் அதுவும் பழைய புத்தகத்தின் ஒரு தாள். சுண்டலைத் தின்றுவிட்டுத் தாளைப் படிக்கிற ஜாதி நாம்.

1923 மே 1 அன்று, சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தை இந்தத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் கொண்டாடினார். 1959-இல் இங்கே உழைப்பாளர் சிலை திறக்கப்பட்டது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நாலு பேர் உடம்பெல்லாம் முறுக்கி ஒரு பாறையை நகர்த்துகிறார்கள். ஊரே ஓய்வெடுக்க வருகிற இடத்தில், ஓய்வே எடுக்காத நாலு பேர். சின்ன வயதில் அவர்கள் எப்போது அந்தக் கல்லை இறக்கி வைப்பார்கள் என்று அப்பாவைக் கேட்டிருக்கிறேன். "ஆபீஸ் டைம் முடியட்டும்" என்பார்.

நேரத்துக்காக நடந்த சண்டைகளின் கதை நமக்கு ஓரளவு தெரியும். சட்டப் புத்தகத்தில் வருடம் இருக்கிறது. இடத்துக்காகச் சண்டை போட வேண்டும் என்பது நமக்குத் தாமதமாகத்தான் தோன்றுகிறது. பீப்பிள்ஸ் பார்க் துண்டு துண்டாகப் போனபோது தோன்றவில்லை. மூர் மார்க்கெட் போனபோது கொஞ்சம் வருத்தப்பட்டோம். கதீட்ரல் சாலையில் 1962-லிருந்து இருந்த டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் 2008-இல் மூடியபோது, ஒரு காபிக்கு மூன்று மணி நேரம் பேசினவர்கள் எல்லாம் கட்டுரை எழுதினார்கள். அந்த நிலம் செம்மொழிப் பூங்கா ஆனது, அதாவது பச்சையாவது மிஞ்சியது. 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை 2011-இல் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தபோதுதான், வாசகர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். நூலகம் கோட்டூர்புரத்திலேயே நின்றது. காரணம் நல்ல காரணமாக இருந்தாலும் இடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று இந்த ஊர் அப்போதுதான் கற்றுக்கொண்டது.

இன்றைக்குச் சனி, ஞாயிறு என்றால் குளிர்சாதன மால். வாங்கினால் வாடிக்கையாளர், வாங்காவிட்டால் காவலாளி ஒரு பார்வை பார்ப்பார். ஒன்றும் வாங்காமல் ஒருவர் இரண்டு நாளைக் கௌரவமாகக் கழிக்க இந்த ஊரில் எத்தனை இடம் இருக்கிறது? செத்த காலேஜ், கன்னிமாரா, அண்ணா நூலகம், நடைபாதைப் புத்தகக் கடை, கடற்கரை. விரல் விட்டு எண்ணிவிடலாம். எண்ண முடிகிற வரைக்கும் எண்ணிக்கொண்டே இருப்போம், ஒன்று குறைந்தால் தெரிய வேண்டும் அல்லவா?

அப்பா ஓய்வு பெறும் வரை எல்லாச் சனிக்கிழமையும் வெளியே கிளம்பினார். போய்விட்டு வந்து, அன்று வாங்கிய புத்தகத்தின் முதல் பக்கத்தில் தேதியும் விலையும் எழுதுவார். விலைக்குப் பக்கத்தில் கடைக்காரர் முதலில் சொன்ன விலையும் இருக்கும். கணக்குப் பிரிவு இல்லையா! அந்த அலமாரியில் 1985 ஜூன் 15 என்று தேதி போட்ட புத்தகம் எதுவும் இல்லை. அன்றைக்கு டிபன் மட்டும்தான் சாப்பிட்டோம்.

இந்த வாரம் உங்கள் வீட்டு அலமாரியில் பழைய கடையில் வாங்கிய புத்தகம் ஒன்றை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். யார் பெயர் இருக்கிறது, எந்த வருடம் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த அத்தியாயத்தில் சிலவற்றைப் படிக்கிறேன்.